அட்டைப்பெட்டிப் படைப்புகள்: தொடக்கப்பள்ளியில் எங்கிருந்து தொடங்குவது?

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி ஒன்றில் 3 முதல் 5 வரையான வகுப்புகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது. அட்டைப்பெட்டியும் பழைய பொருள்களும் கொண்டு ஏதேனும் செய்துவருமாறு சென்ற ஆண்டு பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். வந்தவற்றில் பாதி பெற்றோரின் கைவண்ணம்; மீதியில் பல மேசையில் வைத்ததுமே சாய்ந்துவிட்டன; தெர்மாகோல் வீடும் எரிமலையுமாக எல்லாமே ஒரே மாதிரி இருந்தன. இந்த ஆண்டு பள்ளியிலேயே, அதிகச் செலவில்லாமல், பிள்ளைகளே யோசித்துச் செய்யும்படி இதை நடத்துவது எப்படி என்று கேட்கிறார்.

இந்த மூன்று குறைகளுக்கும் வேர் ஒன்றே என்று நான் கருதுகிறேன். எதைச் செய்ய வேண்டும் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அட்டையை எப்படி வெட்டுவது, மடிப்பது, இணைப்பது என்பது சொல்லித்தரப்படவில்லை. மாதிரியைக் காட்டிவிட்டு, செய்முறையை அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விடுவதுதான் நம் பள்ளிகளில் வழக்கம். இதைத் திருப்பிப் போட வேண்டும்: செய்முறையை ஒளிவுமறைவில்லாமல் கற்றுக்கொடுத்துவிட்டு, எதைச் செய்வது என்பதைப் பிள்ளைகளிடம் விட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கற்பனையில் பஞ்சமில்லை. ஓர் அட்டையை இன்னோர் அட்டையின்மேல் செங்குத்தாக நிறுத்தத் தெரியவில்லை என்பதே அதன் தடை. அந்த இடத்தில்தான் அம்மாவோ அப்பாவோ உள்ளே நுழைகிறார்கள். அவர்களுக்கும் தெரியாதபோது கடையிலிருந்து தெர்மாகோல் வந்து சேர்கிறது.

ஆகவே முதல் சில வகுப்புகளில் எந்தப் படைப்பும் வேண்டாம். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெட்டியைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒட்டியிருக்கும் மடலைப் பிரித்தால் பெட்டி முழுவதும் ஒரே அட்டையாக விரிந்துவிடும். கன உருவங்களின் வலைகளை, அதாவது அவற்றை விரித்தால் கிடைக்கும் தட்டை வடிவங்களைக் கற்பிப்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. கனச்சதுரத்துக்கு மொத்தம் 11 விதமான வலைகள் உண்டு. அவற்றில் எத்தனையை வகுப்பு தானாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பதே ஒரு பிற்பகலுக்குப் போதும். பிறகு பெட்டியில் ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் ஊறப்போடுங்கள். பசை விட்டதும் மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக நெளிந்த ஒரு தாள் என்று மூன்றாகப் பிரியும். அட்டைப்பெட்டி செய்பவர்கள் 3 பிளை என்பது இந்த மூன்று தாள்களைத்தான். கனமான சரக்கு வரும் 5 பிளை பெட்டியில் நெளிதாள் இரண்டு இருக்கும்.

இந்த நெளிவு எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பார்க்கப் பழகிவிட்ட பிள்ளை, அட்டை வேலையில் பாதியைக் கற்றுக்கொண்டுவிட்டது. 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை வெட்டிக்கொள்ளுங்கள்; ஒன்றில் நெளிவுகள் நீளவாக்கில் ஓட வேண்டும், மற்றதில் குறுக்காக. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே பாலம்போல் வைத்து, ஒவ்வொரு நாணயமாக ஏற்றச் சொல்லுங்கள். குறுக்கு நெளிவுப் பட்டை சில நாணயங்களிலேயே நடுவில் மடங்கிவிடும்; நீள நெளிவுப் பட்டை வெகுநேரம் தாங்கும். அதே பிள்ளைகளை ஒரு முழுப் பெட்டியின் பக்கச் சுவரைப் பார்க்கச் சொன்னால், அங்கே நெளிவுகள் தரையிலிருந்து மேல்நோக்கிச் செங்குத்தாக ஓடுவதையும், கிடங்கில் பெட்டிமேல் பெட்டி அடுக்க முடிவதற்கு அதுவே காரணம் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சென்ற ஆண்டு சாய்ந்துபோன கோபுரங்களில் பலவற்றில் நெளிவு கிடையாக ஓடியிருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்ல இந்த அட்டைக்கு ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. நெளிதாளுக்கு முதன்முதலில் காப்புரிமை பெறப்பட்டது 1856-இல், இங்கிலாந்தில். அப்போது அது பெட்டிக்காக அல்ல, ஆண்கள் அணிந்த உயரமான தொப்பிகளின் உட்புறத்தில் வைப்பதற்காக. 1871-இல்தான் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றி அனுப்ப அதைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். மூன்றாவது செய்திதான் நம் வேலைக்கு நேரடியாகப் பயன்படுவது. நியூயார்க்கில் காகிதப் பைகள் செய்துவந்த ராபர்ட் கெயரின் அச்சகத்தில், 1879-இல் விதைப் பைகள் அச்சாகிக்கொண்டிருந்தபோது, தாளை மடிப்பதற்காகக் கோடு அழுத்த வேண்டிய உலோகப் பட்டை ஒன்று இடம் மாறித் தாளை வெட்டிவிட்டது. வெட்டுவதையும் மடிப்புக்கோடு அழுத்துவதையும் ஒரே இயந்திரம் ஒரே அழுத்தத்தில் செய்யலாமே என்ற எண்ணம் அவருக்கு அதிலிருந்து பிறந்தது. இன்று தட்டையாக வந்து, மடித்தால் பெட்டியாகும் அட்டைகள் எல்லாம் அந்த எண்ணத்தின் வழிவந்தவை.

கெயரின் அச்சகத்தில் தற்செயலாகத் தெரிந்ததைப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே காட்டிவிடலாம். மடிக்க வேண்டிய இடத்தில் அட்டையை வெறுமனே வளைத்தால் அது தன் விருப்பப்படி கோணலாக உடையும். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவை அளவுகோலை ஒட்டி இரண்டு முறை அழுத்தி இழுத்துவிட்டு மடித்தால், நெளிவுக்குக் குறுக்காகக்கூட நேர்கோட்டில் மடியும். மேல்தாள் கிழியக் கூடாது, உள்ளே இருக்கும் நெளிவு மட்டும் நசுங்க வேண்டும். அந்த அழுத்தத்தின் அளவைக் கைதான் கற்றுக்கொள்ள வேண்டும், சொல்லி விளங்காது. ஒவ்வொரு பிள்ளையும் கைக்குட்டை அளவு அட்டைத்துண்டில் நெளிவோடு ஒரு மடிப்பும் நெளிவுக்குக் குறுக்காக ஒரு மடிப்பும் செய்து பார்த்த பிறகு அடுத்த வேலைக்குப் போகலாம். வகுப்பில் மை தீர்ந்த பேனாவுக்கு எந்நாளும் குறைவிருக்காது.

அடுத்தது இணைப்பு. பசையை வெளியே எடுப்பதற்கு முன் ஒரு போட்டி வையுங்கள்: உள்ளங்கை அளவுள்ள ஓர் அட்டையைப் பசையோ ஒட்டுநாடாவோ இல்லாமல் மேசைமேல் நிறுத்த வேண்டும், எத்தனை வழிகள் கிடைக்கின்றன? நடுவில் மடித்து நிறுத்துவதை எல்லாரும் கண்டுபிடிப்பார்கள். சிலர் உருளையாகச் சுருட்டுவார்கள். யாராவது ஒருவர், அடியில் இரண்டு வெட்டு வெட்டி, அவற்றில் வேறு இரண்டு துண்டுகளைக் குறுக்கே செருகிக் கால் கொடுப்பார். அந்தச் செருகு இணைப்பைக் கையிலெடுத்து எல்லாருக்கும் விளக்குங்கள். இரண்டு அட்டைகளிலும் பாதி உயரத்துக்கு ஒரு பிளவு வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். பிளவின் அகலம் அட்டையின் தடிமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். கூடினால் ஆடும், குறைந்தால் அட்டை வளையும். மருந்துப் புட்டியும் குளிர்பானப் புட்டியும் வரும் பெட்டிகளுக்குள்ளே புட்டிகள் மோதாமலிருக்க வைத்திருக்கும் தடுப்புகள் முழுவதும் இந்தச் செருகு இணைப்பால் ஆனவையே. அப்படி ஒரு தடுப்பைக் கழற்றி மீண்டும் மாட்டச் சொல்வது எந்த விளக்கத்தையும்விட நன்றாகப் புரியவைக்கும். மதுபானப் பெட்டிகளிலும் இதே தடுப்பு இருக்கும், அட்டையும் திடமானது; ஆனால் அந்தப் பெயர் அச்சான பெட்டி வகுப்பறையில் கிடந்தால் தலைமையாசிரியர் யாருக்காவது பதில் சொல்ல வேண்டிவரும் என்பதால், உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி மடித்துப் பயன்படுத்துங்கள், அல்லது தவிர்த்துவிடுங்கள்.

செருகுக்குப் பிறகு மூன்று இணைப்புகளைக் கற்றுக்கொடுத்தால் தொடக்கப்பள்ளிக்குப் போதும். குழாயையோ கோபுரத்தையோ நிறுத்துவதற்கு, அதன் அடி விளிம்பைச் சுற்றிலும் சிறு சிறு வெட்டுகளாக வெட்டி மடல்களை வெளியே மடித்து அடித்தள அட்டையில் ஒட்டுவது முதலாவது. இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் முக்கோணத் துண்டை உட்புறமாக ஒட்டித் தாங்கு கொடுப்பது இரண்டாவது. மூன்றாவது அசையும் இணைப்பு. இதற்குத் தேர்வுத் தாள்களைக் கட்டும் டேக் இருக்கிறதே, அதைவிடச் சிறந்த பொருள் கிடையாது. இரண்டு அட்டைகளிலும் துளையிட்டு டேக்கை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் முடிச்சிட்டால் கை, கால், கதவு, நெம்புகோல் எதுவானாலும் அசையும். முடிச்சை இறுக்கினால் வைத்த இடத்தில் நிற்கும், தளர்த்தினால் தொங்கும். இந்த ஓர் இணைப்பைக் கற்ற வகுப்பு, நூலை இழுத்தால் கையசைக்கும் பொம்மையைத் தானாகச் செய்யத் தொடங்கிவிடும். உங்கள் வட்டாரத்தில் தோற்பாவைக் கூத்து ஆடுவோர் இருந்தால், பாவையின் கை முட்டியிலும் தோளிலும் தனித்தனித் துண்டுகளாக இருந்து, நூலால் கோக்கப்பட்டிருப்பதைப் பிள்ளைகள் ஒருமுறை நேரில் பார்க்கட்டும். பிறகு பாருங்கள், ஒற்றைக் கை பொம்மைகள் எல்லாம் முட்டி மடக்கத் தொடங்கிவிடும்.

வெட்டும் கருவி குறித்துக் கண்டிப்பாக இருக்க வேண்டும். கட்டர் கத்தி தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. 3 பிளை அட்டையைப் பிள்ளைகள் சாதாரணக் கத்தரிக்கோலால் மெல்ல வெட்டிவிடலாம். ஆனால் கத்தரி அட்டையை நசுக்கிக்கொண்டு போகும் என்பதால் முதலில் தோராயமாக வெட்டிக்கொண்டு, பிறகு கோட்டை ஒட்டிச் சீர்செய்யப் பழக்குங்கள். 5 பிளை அட்டையையும், அட்டைக்கு நடுவே சன்னல் திறப்பதையும் நீங்களே செய்துகொடுங்கள். வகுப்பின் ஒரு மூலையில் வெட்டும் மேசை ஒன்றை வைத்து, எங்கே வெட்ட வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுவந்தால்தான் வெட்டித் தருவேன் என்று விதி வைத்தால் அதில் ஒரு நன்மையும் உண்டு: பிள்ளைகள் வெட்டுவதற்கு முன் அளக்கப் பழகுவார்கள். துளையிட, ஒரு பழைய ரப்பர் செருப்பின்மேல் அட்டையை வைத்துக் கோணி ஊசியால் குத்தினால் விரலில் ஏறாது. அதையும் உங்கள் கண்பார்வையில் செய்யட்டும். சூடான பசைத் துப்பாக்கி இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம். கொப்புளம் போடும் சூடு அது.

பசைக்கு மைதா போதும். ஒரு தம்ளர் மைதாவை ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று நான்கு தம்ளர் தண்ணீரில் ஊற்றிக் கைவிடாமல் கிளறினால், வெள்ளை நிறம் போய்ப் பாதி கண்ணாடிபோல் தெளியும்போது இறக்கிவிடலாம். சத்துணவு அடுப்பு அணையும் நேரத்தில் சமையலர் அக்காவிடம் கேட்டால் செய்துதருவார். சுவரொட்டி ஒட்டுபவர்கள் பூச்சி அரிக்காமலிருக்க இதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் தொடும் பசையில் கலக்கவே கூடாது. மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டிய அளவே காய்ச்சுங்கள். தாளையும் மெல்லிய அட்டையையும் மைதாப் பசை நன்றாகப் பிடிக்கும். தடித்த அட்டையின் விளிம்பை ஒட்டுவதற்கு ஃபெவிகால் தேவைப்படும். எதைத் தடவினாலும் அளவாகத் தடவ வேண்டும். பசையில் ஊறிய அட்டை வளையும். ஒட்டிய இடத்தைத் துணி கிளிப்பால் கவ்வி மறுநாள்வரை விட்டுவிட வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காயும்முன் தூக்கிப் பார்ப்பதுதான் இந்த வயதில் பெரும்பாலான படைப்புகள் உடைவதற்குக் காரணம்.

பொருள் சேகரிப்பைப் பிள்ளைகளின் வீடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். எல்லா வீட்டிலும் அட்டைப்பெட்டி வந்து இறங்குவதில்லை. "வீட்டிலிருந்து கொண்டுவா" என்பது சில பிள்ளைகளைக் கடைக்கு அனுப்புகிறது, சிலரைத் தலைகுனிய வைக்கிறது. பள்ளியே சேகரிக்கட்டும், எல்லாரும் ஒரே குவியலிலிருந்து எடுக்கட்டும். இத்தாலியின் ரெட்ஜோ எமிலியா நகரத்தில் 1996 முதல் ரெமீதா என்ற நிலையம் இப்படித்தான் இயங்குகிறது: ஆலைகளில் மிஞ்சும் துண்டு துக்கடாக்களைச் சேகரித்து, வகைபிரித்து, பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. மளிகைக்கடையும் மருந்துக்கடையும் பெட்டிகளைத் தரும். ஜவுளிக்கடையில் துணி சுற்றிவரும் நீண்ட அட்டைக் குழாய்கள் கிடைக்கும். திருப்பூர், ஈரோடு பக்கம் என்றால் நூல் சுற்றிவரும் கூம்புகள் மூட்டை மூட்டையாக இருக்கும். சிவகாசிப் பக்கம் அச்சகக் கழிவாக அட்டைப் பட்டைகள். முட்டை அட்டை, இனிப்புப் பெட்டி, பற்பசைப் பெட்டி, புட்டி மூடி, தென்னை ஈர்க்கு ஆகியவற்றைத் தனித்தனி டப்பாக்களில் போட்டு, பிள்ளைகள் கண்ணில் படும்படி அடுக்குங்கள். ஒரே சாக்கில் கலந்து கிடந்தால் யாரும் எதையும் தேடி எடுக்க மாட்டார்கள்.

சேர்க்கக் கூடாதவற்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பூச்சிமருந்துப் புட்டிகளும் அவற்றின் மூடிகளும் கழுவினாலும் கூடாது. கிராமத்துப் பள்ளிகளில் இந்த எச்சரிக்கை மிக அவசியம். மாத்திரை அட்டை, ஊசிக்குழல், உடைந்த கண்ணாடி, குழல்விளக்கு, பழைய பேட்டரி, விளிம்பு கூரான தகர டப்பா ஆகியவையும் வேண்டாம். பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல்கள் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. சக்கர அச்சுக்கு உறைபோல் ஒரு குழாய் வேண்டும் என்றால் தீர்ந்த ரீஃபிலின் குழாயே போதும், அதற்குள் ஒல்லியான ஈர்க்கு அருமையாகச் சுழலும். இன்னொன்று என் தனிப்பட்ட பிடிவாதம்: பழைய பெட்டியை மறைப்பதற்காக ஜிகினாத் தாளும் வண்ணச் சார்ட்டும் தெர்மாகோலும் காசு கொடுத்து வாங்கி ஒட்டப்பட்ட ஒரு பொருளை மறுபயன்பாட்டுப் படைப்பு என்று அழைக்க எனக்கு மனம் ஒப்புவதில்லை. அட்டையின் பழுப்பு நிறமும் அதில் அச்சான எழுத்தும் தெரிந்தால் என்ன குறைந்துவிடும்?

இனி, எதைச் செய்யச் சொல்வது என்ற கேள்வி. மாதிரி காட்டக் கூடாது என்றால் வெறுமனே "எதையாவது செய்யுங்கள்" என்று விடுவதா? கூடாது, அப்படி விட்டால் மீண்டும் வீடும் எரிமலையும்தான் வரும். தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைக் கொடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் 2011 கோடை விடுமுறையில் தன் தந்தையின் பழைய வாகன உதிரிபாகக் கடையில் பொழுதைக் கழித்த கெயின் மன்ராய் என்ற 9 வயதுச் சிறுவன், அங்கே கிடந்த பெட்டிகளைக் கொண்டு காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடம் ஒன்றையே அமைத்தான். அங்கே வந்த ஒருவர் எடுத்த குறும்படம் 2012-இல் வெளியாகி உலகம் முழுவதும் பரவியது. இந்தச் செய்தியைக் கேட்பவர்கள் அவன் கற்பனையை வியப்பார்கள். எனக்கு அவன் தீர்த்த சிக்கல்களே முக்கியமாகப் படுகின்றன. வென்றவருக்கு இயந்திரத்திலிருந்து பரிசுச்சீட்டு வெளியே வர வேண்டும். இயந்திரமோ வெறும் பெட்டி. அவன் பெட்டிக்குள் தவழ்ந்து போய், உள்ளிருந்து துளை வழியே சீட்டைத் தள்ளினான். நுழைவுச்சீட்டு உண்மையானதா என்று சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கணிப்பானை ஒட்டி, சீட்டிலுள்ள எண்ணை அதில் இட்டு வர்க்கமூலப் பொத்தானை அழுத்தினால் வரும் விடையோடு ஒப்பிட்டான். யாரும் அவனுக்கு மாதிரி காட்டவில்லை. ஆனால் விளையாட்டு நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தது.

உங்கள் வகுப்புக்கு முதல் சிக்கலாக நான் பரிந்துரைப்பது கோலிப் பாதை. ஒரு பெரிய பெட்டியின் பக்கத்தைச் சுவரில் சாய்த்து வையுங்கள்; மேலே விடும் கோலி கீழே வந்துசேர 10 வினாடிக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே விதி. பிள்ளைகள் எடுத்த எடுப்பில் சரிவான பட்டைகளை ஒட்டுவார்கள், கோலி இரண்டே வினாடியில் தரையில் இருக்கும், அல்லது திருப்பத்தில் வெளியே பாயும். சரிவைக் குறைப்பார்கள், நடுவழியில் நின்றுவிடும். பக்கத்தில் சுவர் வைப்பார்கள், பாதையை இடமும் வலமுமாக மடக்குவார்கள், ஒரு பிள்ளை பனியன் துணியை ஒட்டிப் பார்க்கும், இன்னொன்று கோலியை ஒரு கூம்புக்குள் சுழலவிட்டு நேரத்தைக் கூட்டும். சரிவு, உராய்வு, வேகம் என்ற சொற்களை அந்த நேரத்தில் நீங்கள் சொன்னால் ஒட்டிக்கொள்ளும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பட்டைகளை உடனே பசையால் ஒட்ட விடாதீர்கள். ஒட்டுநாடாவிலோ துணி கிளிப்பிலோ தற்காலிகமாக நிறுத்தி, ஓடவிட்டு, மாற்றி, மீண்டும் ஓடவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். பசை காய்ந்த பிறகு எந்தப் பிள்ளைக்கும் தன் தவற்றைத் திருத்த மனம் வராது.

அடுத்த சிக்கலாக, தள்ளாமல் உருளும் வண்டி, அல்லது புத்தகப்பை ஒன்றைத் தாங்கும் மேசை கொடுக்கலாம். பனை உள்ள ஊர் என்றால் வண்டிக்கு நுங்கு வண்டியிலிருந்து தொடங்குங்கள். வெறும் நுங்குக் கோந்தை இரண்டும் குச்சியும் கவைக்கோலும் கொண்டு சக்கரமும் அச்சும் செய்யத் தெரிந்த பிள்ளைகளிடம் அதே அறிவு அட்டை வண்டிக்கும் உதவும் என்று சொன்னால் போதும். மேசை நிற்க வேண்டுமானால் முக்கோணம் வர வேண்டும். இதைக் காட்ட அரவிந்த் குப்தாவின் முறையே போதுமானது. ஐஐடி கான்பூரில் பொறியியல் படித்த அவர், மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் 1978-இல் சேர்ந்து பணியாற்றியபோது, சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவங்கள் செய்யும் முறையை உருவாக்கினார். குப்பையிலிருந்து பொம்மை செய்யும் அவருடைய பணிக்காக 2018-இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. வால்வு டியூபை ஒன்றரை செ.மீ. துண்டுகளாக வெட்டி, இரு முனைகளிலும் மருந்து நீக்கிய தீக்குச்சியைச் செருகிக்கொண்டே போனால் சதுரமும் முக்கோணமும் கிடைக்கும். சதுரத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் சாய்சதுரமாகச் சரிந்துவிடும், முக்கோணம் அசையாது. சதுரத்தின் குறுக்கே மூலைவிட்டத்தின் நீளத்துக்கு ஒரு குச்சி வைத்ததும் அதுவும் அசையாமல் நின்றுவிடுகிறது. சைக்கிள் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இந்த டியூப் ஒரு வகுப்புக்கே போதும்.

குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். ஐந்தாவது பிள்ளை வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடும். ஒன்றைக் கண்காணியுங்கள்: விட்டுவிட்டால் ஆண் பிள்ளைகள் கத்தரியையும் கோலியையும் எடுத்துக்கொண்டு, பெண் பிள்ளைகளை வண்ணம் தீட்டவும் பெருக்கவும் வைத்துவிடுவார்கள். அளப்பவர், வெட்டுபவர், இணைப்பவர், எழுதுபவர் என்று பொறுப்புகளை வகுப்புக்கு வகுப்பு மாற்றிவிடுங்கள். எழுதுபவரின் வேலை சிறிதன்று. இன்று எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று நினைக்கிறோம், நாளை எதை மாற்றப் போகிறோம் என்று மூன்று வரி தமிழில் எழுத வேண்டும். பார்த்தெழுத முடியாத கட்டுரைப் பயிற்சி அது. உங்கள் பங்கு கேள்வி கேட்பதோடு நிற்கட்டும். சாய்ந்துகொண்டிருக்கும் சுவரை நேராக்கிவிட உங்கள் கை பரபரக்கும், "நெளிவு எந்தப் பக்கம் ஓடுகிறது?" என்று கேட்டுவிட்டு அடுத்த குழுவுக்கு நகர்ந்துவிடுங்கள்.

மதிப்பெண் போட வேண்டியிருந்தால் அழகுக்குப் போடாதீர்கள். அழகுக்குப் போட்டால் அடுத்த முறை மீண்டும் அப்பாவின் கைவண்ணம் வந்துவிடும். "இந்தத் துண்டு ஏன் இங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பிள்ளை சொல்லும் பதிலுக்குப் போடுங்கள். தானே செய்த பிள்ளை அதற்கு நீண்ட பதிலே வைத்திருக்கும். பெற்றோரைக் காட்சி நாளன்று அழைத்து, அவர்களையே இந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னால் அவர்களுடைய ஆர்வத்துக்கும் ஒரு வழி கிடைத்துவிடும். வேலை முழுவதும் பள்ளி நேரத்தில் நடப்பதால் வீட்டில் செய்துதர அவர்களுக்கு எதுவும் இருக்காது.

கால நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய அட்டை தன் வலுவை இழந்து தொய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெரிய கட்டுமானங்கள் வேண்டாம். பொம்மை, முகமூடி போன்ற சிறியவற்றை அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவிட்டு, கோலிப் பாதையையும் மேசையையும் ஜூலை, ஆகஸ்டிலோ பொங்கலுக்குப் பிறகோ வைத்துக்கொள்ளலாம். தரையில் வைத்தால் கரையான் ஏறும், மைதாப் பசைக்குக் கரப்பான் வரும். எனவே படைப்புகளைப் பெஞ்சின்மேல் வைத்து, காட்சி முடிந்த இரண்டு மூன்று வாரங்களில் பிரித்துவிடுவது நல்லது. பிரிப்பதையும் பிள்ளைகளே செய்யட்டும். படம் எடுத்து வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் குறையும். மூடி, ஈர்க்கு, டேக், குழாய் ஆகியவை அந்தந்த டப்பாவுக்குத் திரும்பட்டும். வெற்று அட்டையைப் பழைய பேப்பர் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார், ஜிகினாவும் தெர்மாகோலும் ஒட்டியதைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்தக் காசில் அடுத்த பருவத்துக்கு வேண்டிய ஃபெவிகாலும் வால்வு டியூபும் வாங்கிக்கொள்ளலாம்.